எச்.ஐ.வி. பரிசோதனை: நாள் எண்ணிப் போவது முதல் ரிசல்ட் கைக்கு வருவது வரை

முதலில் ஒரு காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரே போதும். எந்த நாளை நினைத்துப் பயமாக இருக்கிறதோ, அந்தத் தேதியைக் கண்டுபிடியுங்கள். ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்ட நாள், ஆணுறை கிழிந்துபோன நாள், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்ட நாள், எதுவானாலும் சரி. பல நாட்கள் இருந்தால் கடைசி நாளைக் கணக்கில் வையுங்கள். பரிசோதனையில் வருகிற பதிலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதை எண்ணாமல் போய் 'நெகட்டிவ்' வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள்தான் பின்னால் ஏமாந்து போகிறார்கள்.

காரணம் எளிமையானது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பிளாஸ்டிக் அட்டையில் விட்டுச் செய்யும் கார்டு டெஸ்ட் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் கண்டுபிடிக்கிற அளவுக்குச் சேர சிலருக்கு மூன்று வாரம் போதும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். இடைப்பட்ட இந்த நாட்களில் கிருமி உடம்பில் இருக்கும், பிறருக்கும் பரவும், ஆனால் கார்டில் தெரியாது. இதைத்தான் 'விண்டோ பீரியட்' என்கிறார்கள்.

பெரிய லேப்களில் செய்யும் நான்காம் தலைமுறை சோதனை, எதிர்ப்பொருளோடு கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடும். அதனால் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். கிருமியின் மரபணுவையே நேராகத் தேடும் சோதனை 10 முதல் 33 நாளுக்குள் காட்டும். விலை அதிகம், பெரும்பாலானவர்களுக்குத் தேவையும் இல்லை. நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு எண்கள்தான். நான்காம் தலைமுறை என்றால் 45 நாள், கார்டு டெஸ்ட் என்றால் 90 நாள். அந்த நாள் கடந்தபின் வரும் நெகட்டிவ்தான் முழு நெகட்டிவ். 90 நாள் வரை எதுவும் செய்யாமல் காத்திருங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடலாம், 90 நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இடையில் ஆணுறை இல்லாமல் உறவு கூடாது, ரத்த தானமும் கூடாது.

ரத்த தானத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ரத்தம் கொடுத்தால் இலவசமாக டெஸ்ட் செய்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று முகாமுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். நீங்கள் விண்டோ பீரியடில் இருந்தால் ரத்த வங்கியின் சோதனையையும் அந்த ரத்தம் தாண்டிப் போகலாம். அது போய்ச் சேருவது ஒரு பிரசவக்காரிக்கோ, விபத்தில் அடிபட்டவருக்கோ.

72 மணி நேரம் தாண்டவில்லை என்றால்

நீங்கள் எண்ணிய தேதி நேற்றோ முந்தாநாளோ என்றால் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மாத்திரைக்குப் போங்கள். கிருமி உடம்பில் வேரூன்றாமல் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 என்பது கடைசி எல்லை. இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்தால் அதுதான் மிக நல்லது. அதனால் "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று ஞாயிற்றுக்கிழமையைக் கடத்தாதீர்கள்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய், எப்போது என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், குத்தின ஊசி தன் கையில் குத்திக்கொண்ட நர்ஸ்கள், ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளும் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். மாத்திரை தொடங்குமுன் ஒரு டெஸ்ட் எடுப்பார்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அந்த ரிசல்ட்டுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 28 நாள் முடிந்த பிறகு டாக்டர் எழுதித் தரும் தேதிகளில் மறுபடியும் டெஸ்ட் செய்ய வேண்டும். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எதிர்ப்பொருள் உண்டாவது தள்ளிப்போகலாம் என்பதால், அந்தத் தேதிகளை நீங்களாகக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது

தமிழ்நாட்டில் இதற்கான இடத்தின் பெயர் 'நம்பிக்கை மையம்'. கோவை, சேலம், திருப்பூர், நாமக்கல், கரூர் என்று எந்த மாவட்டத்தின் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இருக்கும். தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் விரலில் குத்திச் செய்யும் முதல்கட்டச் சோதனை கிடைக்கும். காசு எதுவும் கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாமல் நேராக உள்ளே போகலாம். எந்த இடம் பக்கம் என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்ப்பக்கம் பெரிய தடை ஊசியோ காசோ இல்லை. "ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒறம்பரை யாராச்சும் பார்த்துட்டா?" என்பதுதான். அந்தப் பயத்தைச் சிறிது என்று சொல்ல மாட்டோம். ஊரெல்லாம் பங்காளியும் மாமன் மச்சானுமாக இருக்கும் இடத்தில் அது நிஜமான பயம். அதற்கு வழியும் சுலபம், வேறு ஊருக்குப் போங்கள். கோபிக்காரர் கோவைக்குப் போகலாம், பல்லடத்துக்காரர் ஈரோட்டுக்குப் போகலாம். சொந்த மாவட்டத்தில்தான் பார்க்க வேண்டும் என்று விதி கிடையாது. லாரியிலும் போர் போடும் ரிக் வண்டியிலும் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருக்கிறவர்கள் ஊர் திரும்புகிற வரை தள்ளிப்போட வேண்டாம். நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளில் இதே சோதனை இலவசம். கோவைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வசதி, பெரிய ஆஸ்பத்திரி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே திருச்சி ரோட்டில் இருக்கிறது.

காலை வேளையிலேயே போய்விடுங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம். டெஸ்ட் செய்ய ஆதார் கட்டாயம் இல்லை. போன் நம்பர் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் எடுக்கும் போன் என்றால் அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். "இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம், நானே வருகிறேன்" என்று சொன்னாலும் சரிதான்.

அறைக்குள் என்ன நடக்கும்

முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். அதிகம் போனால் கால் மணி நேரம். "ஏனுங்க அக்கா, இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க" என்று தோன்றும் அளவுக்குத் தனிப்பட்ட கேள்விகள் வரும். உறவு எப்போது, யாரோடு, ஆணோடா பெண்ணோடா, ஆணுறை போட்டீர்களா, ஊசி போடும் பழக்கம் உண்டா என்று கேட்பார். நல்லவரா கெட்டவரா என்று எடைபோட இந்தக் கேள்விகள் இல்லை. காலண்டரில் நீங்கள் வட்டம் போட்ட அந்தத் தேதிதான் அவருக்கு வேண்டும். தேதியை மாற்றிச் சொன்னால் மறுபடியும் எப்போது வர வேண்டும் என்று அவர் தரும் தேதியும் தப்பாகிவிடும்.

ஏற்கெனவே எச்.ஐ.வி. மாத்திரை எதையாவது சாப்பிட்டிருந்தால், தடுப்புக்காகச் சாப்பிட்டிருந்தாலும், கட்டாயம் சொல்லுங்கள். வேறு ஊரில் பாசிட்டிவ் என்று தெரிந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே "இன்னும் இருக்கிறதா பார்க்கலாம்" என்று புதிதாக டெஸ்ட் எடுக்க வருகிறவர்கள் உண்டு. சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தவர்களுக்கு எதிர்ப்பொருள் குறைந்து கார்டில் தெளிவில்லாமல் வரலாம். அதைப் பார்த்து "குணமாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தினால் கிருமி மறுபடியும் பெருகும்.

பேசி முடித்ததும் உங்கள் சம்மதம் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது என்றும், ரிசல்ட்டை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது.

அடுத்தது லேப். முழங்கை மடிப்பில் சிறிது ரத்தம் எடுப்பார்கள், அல்லது விரலில் குத்துவார்கள். விரல் என்றால் கையைக் கீழே தொங்கவிட்டு ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள், ரத்தம் நன்றாக இறங்கும். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அது காயும்வரை விட்டு, லான்செட் என்ற புதிய சிறு ஊசியால் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டைத்தான் எடுப்பார்கள், முதல் சொட்டில் ஸ்பிரிட் கலந்திருக்கும். ஊசியோ லான்செட்டோ உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பிரித்து வைத்திருந்ததாகத் தெரிந்தால் "புதுசு எடுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்தச் சொட்டு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கார்டின் குழியில் விழும். அதன்மேல் கிட்டோடு வரும் கரைசலைச் சொட்டு விடுவார்கள். ஈரம் மெதுவாகக் காகிதப்பட்டையில் ஊர்ந்து போகும். 'சி' என்ற இடத்தில் கோடு வந்தால் கார்டு சரியாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். 'சி'யில் கோடு வரவில்லை என்றால் மற்ற இடத்தில் என்ன தெரிந்தாலும் அந்தக் கார்டு செல்லாது, புதிது போட வேண்டும். 'சி'யில் மட்டும் கோடு என்றால் நெகட்டிவ். 'டி'யிலும் கோடு வந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், 'ரியாக்டிவ்'. சில கிட்டில் கோட்டுக்குப் பதில் புள்ளி வரும். எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கிட்டுக்கும் கணக்கு உண்டு, பெரும்பாலும் அரை மணிக்குள். முன்னால் பார்த்தாலும் தப்பு. மேசையிலேயே கிடந்து காய்ந்தபின் பார்த்தாலும் தப்பு, இல்லாத கோடு வந்ததுபோலத் தெரியும்.

'ரியாக்டிவ்' என்றால் 'பாசிட்டிவ்' ஆகிவிடாது

தவறாகப் புரிந்துகொண்டு உயிரையே விடத் துணிகிறவர்கள் இருப்பதால் இதை நிதானமாகப் படியுங்கள். முதல் கிட் எதையும் தப்பவிடக் கூடாது என்பதற்காகவே வைத்திருப்பது. அதனால் எப்போதாவது தொற்று இல்லாதவருக்கும் ரியாக்டிவ் காட்டிவிடும். வேறு நோயால் உண்டான எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்வது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் சில தன்னெதிர்ப்பு நோய்கள், குழாயில் பெயர் மாறி ஒட்டுவது என்று காரணங்கள் பல. நம்பிக்கை மையத்தில் முதல் கிட் ரியாக்டிவ் என்றால் வேறு இரண்டு வகைக் கிட்டுகளில் அதே ரத்தத்தைச் சோதிப்பார்கள். மூன்றும் ரியாக்டிவ் என்றால்தான் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் தருவார்கள். மூன்றில் இரண்டு ரியாக்டிவ், ஒன்று இல்லை என்று வந்தால் 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதி, 14 முதல் 28 நாள் கழித்து மறுபடியும் வரச் சொல்வார்கள். அந்த இரண்டு முதல் நான்கு வாரம் மிகவும் கனமானது. ஆலோசகரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள், தனியாக வெசனப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

தனியார் லேபில் பார்த்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். பல இடங்களில் ஒரே ஒரு கிட்டில் பார்த்து 'ரியாக்டிவ்' என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆலோசனையும் கிடையாது, இரண்டாம் மூன்றாம் சோதனையும் கிடையாது. அப்படி ஒரு தாள் கையில் வந்தால் அதை முடிவாக எடுக்காமல் நம்பிக்கை மையத்துக்குப் போய் முதலிலிருந்து செய்யுங்கள். ஆன்லைனில் கார்டு வாங்கி வீட்டில் பார்ப்பதும் இதே கதைதான். தனியார் லேபுக்குத்தான் போகிறீர்கள் என்றால் "எதிர்ப்பொருள் மட்டுமா, பி24 ஆன்டிஜனும் சேர்ந்ததா" என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். 45 நாளா 90 நாளா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறோம். "போன மாசம் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தாங்க, ஏதாச்சும் இருந்தா அதுலயே தெரிஞ்சிருக்குமே" என்பார்கள். தெரியாது. எச்.ஐ.வி.க்கென்று தனியாகக் கேட்டுச் செய்தால்தான் தெரியும். முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜிலும் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. உடம்பைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. தொற்றிய சில வாரங்களில் சாதாரண காய்ச்சல் வந்து போகலாம், பிறகு பல வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும். எச்சில் தட்டு, கொசுக்கடி, கை குலுக்குவது, ஒரே கழிப்பறை இவற்றால் தொற்றாது. இதற்காக டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை.

பாசிட்டிவ் என்றால்

அன்றைக்கே அல்லது ஒரு வாரத்துக்குள், எச்.ஐ.வி.க்கு மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்யுங்கள். கோவை, சேலம், ஈரோடு, நாமக்கல் அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. ஊரில் வேண்டாம் என்றால் பக்கத்து மாவட்டத்தில் பதிந்துகொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, காசநோய், மஞ்சள் காமாலை பி, சி எல்லாம் பார்த்துவிட்டு மாத்திரை தருவார்கள். சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மாத்திரை உண்டு. முன்பு குறைந்தால்தான் தருவார்கள், 2017-இல் அது மாறிவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று, ஒரே நேரத்தில். மில்லில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் நேரத்தை ஷிப்டோடு கட்டாதீர்கள். எந்த ஷிப்டானாலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடித்து போனில் அலாரம் வையுங்கள்.

ஆறாம் மாதம் ரத்தத்தில் கிருமியின் அளவைப் பார்ப்பார்கள். அது கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நிலைத்தால், உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. இது உலகம் முழுக்க ஆராய்ந்து உறுதியான உண்மை. பச்சிலையில் முழுக்கக் குணமாக்குகிறேன் என்று பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். மாத்திரை விட்ட மாதங்கள்தான் அதன் விலை.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும்போதே கிராம சுகாதார செவிலியர் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் விரலில் குத்திப் பார்ப்பார். மூன்றாம் மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. எதுவும் செய்யாமல் விட்டால் குழந்தைக்குத் தொற்ற 15 முதல் 45 சதவீதம் வரை வாய்ப்பு. தாய் மாத்திரை சாப்பிட்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கணவரும் அதே நாளில் பார்க்க வேண்டும். மனைவி நெகட்டிவ் என்று வந்தபின் கர்ப்ப காலத்தில் கணவர் மூலம் தொற்றினால் அது குழந்தைக்கு இன்னும் ஆபத்து.

தாய் பாசிட்டிவ் என்றால் பிறந்த குழந்தைக்கு மருந்துச் சொட்டு கொடுத்து, ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி ரத்தத்தை அட்டையில் தொட்டு அனுப்புவார்கள். சாதாரண கார்டு டெஸ்டைக் குழந்தைக்குச் செய்து பார்த்துப் பதறாதீர்கள். தாயின் எதிர்ப்பொருளே குழந்தை ரத்தத்தில் 18 மாதம் வரை இருக்கும் என்பதால் அது பாசிட்டிவ் காட்டும். கடைசி முடிவு 18-ஆம் மாதத்தில்தான்.

கல்யாணம், கம்பெனி, வீட்டில் சொல்வது

கல்யாணத்துக்கு முன் டெஸ்ட் என்பது சட்டத்தில் கட்டாயம் இல்லை. செய்வதென்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் விருப்பத்தில் செய்யட்டும், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் செய்யட்டும். பத்திரிகை அடித்தபின் செய்தால் எந்த ரிசல்ட் வந்தாலும் இரண்டு குடும்பமும் ஊர் முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ரிசல்ட் அவரவர் கையில்தான் கிடைக்கும், பெரியவர்களிடம் தர மாட்டார்கள்.

பனியன் கம்பெனியோ ஸ்பின்னிங் மில்லோ, வேலைக்குச் சேர எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்பதும், பாசிட்டிவ் என்று வேலையைவிட்டு எடுப்பதும் சட்டப்படி தவறு. ஹாஸ்டலில் முகாம் போட்டாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், பட்டியல் மேனேஜர் கைக்குப் போகக் கூடாது. ஒடியாவோ இந்தியோ பேசுகிற தொழிலாளிக்கு அவர் மொழியிலேயே சொல்ல ஆள் வேண்டும், புரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. 1097-இல் இந்தியிலும் பேசுவார்கள்.

கணவனிடமோ மனைவியிடமோ எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாதக்கணக்கில் மறைக்கிறவர்கள்தான் அதிகம். தனியாக வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆலோசகரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, "எனக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, கூட வா" என்று அழைத்துப் போகலாம். இருவரையும் உட்கார வைத்து அவரே பேச்சைத் தொடங்குவார். அடிப்பார்கள், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், அதற்குத் தகுந்தபடி வழி பார்ப்பார். அழைத்துப் போகும் நாள் வரை ஆணுறை போடுங்கள். மையத்திலேயே இலவசமாகத் தருவார்கள், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மொத்தமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.